புதன்கிழமைப் புடவை

கஸ்தூரியிடம் மொத்தம் ஆறு புடவைகள் இருந்தன. அவள் போய்வந்த ஐந்து ஊர்ப் பெண்களும் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. வில்லியனூர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அவள் கிராம சேவிகா. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு ஊர். அங்கங்கே மாதர் சங்கத்தைக் கூட்டிப் பிள்ளைகளை எடை போட வேண்டும், முருங்கை நடச் சொல்ல வேண்டும், கை கழுவுவதைப் பற்றிப் பேச வேண்டும். சனிக்கிழமை அலுவலகத்தில் அறிக்கை எழுதும் நாள். ஊருக்கு நாள் குறித்தது போலவே நாளுக்குப் புடவையும் குறித்துவிட்டாள். திங்களுக்கு இங்க் நீலம், செவ்வாய்க்குப் பாக்கு நிறம், புதனுக்குப் பச்சை, வியாழனுக்குச் செங்கல் நிறம், வெள்ளிக்கு மஞ்சள், சனிக்குச் சாம்பல். மழையோ வெயிலோ, இது மாறாது. திங்கட்கிழமை ஊர் அவளை நீலத்தைத் தவிர வேறு நிறத்தில் பார்த்ததே இல்லை. பாவம், நல்ல பொம்பளை, மாற்றிக்கட்ட ஒரு துணி இல்லை என்று அந்த ஊர் பேசிக்கொண்டது. மற்ற நான்கு ஊர்களும் அதையேதான் பேசிக்கொண்டன.

அவளுக்குத் துணி இல்லாமல் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்த நைலக்ஸ், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜார்ஜெட், கட்டினால் கசங்கிவிடுமே என்று கட்டாமலேயே மடிப்பில் இற்றுப்போன பட்டு என்று வீட்டு பீரோ நிறைய இருந்தது. சேவிகா பயிற்சிக்கு விடுதியில் போய் ஓராண்டு தங்கியபோது, கட்டிலுக்கு அடியில் நுழைகிற அளவுக்கு ஒரு தகரப் பெட்டி மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான்கு நூல் புடவையோடு ஓர் ஆண்டு ஓடியது. காலையில் எழுந்து எதைக் கட்டுவது என்று ஒரு தடவைகூட யோசிக்காமல் இருந்தது எவ்வளவு லேசாக இருந்தது என்பது, ஊர் திரும்பி பீரோவைத் திறந்து முன்னால் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பத்து நாளில் பீரோவைக் காலிசெய்து அக்காவுக்கும் சித்தி மகள்களுக்கும் கொடுத்துவிட்டு, வில்லியனூர்க் கடைத்தெருவில் கௌஸ் பாஷாவின் ஜவுளிக் கடைக்குப் போனாள். அது அறுபத்தொன்பதாம் வருடம், தை மாசம்.

"இன்னாம்மா, கல்யாணமா?" என்றார் கௌஸ் பாஷா.

"வேலைக்கு பாய். ஆறு பொடவை வேணும். அறுபதாம் நம்பர் நூலு. ஆறும் ஒரே ரகமா இருக்கணும்."

"ஒரே ரகமா? ஆறு பேர் கட்டுறதா?"

"நான் ஒருத்திதான்."

அவள் கேட்டது அவர் கடையில் அதுவரை யாரும் கேட்காதது. புடவையின் இரண்டு பக்கமும் கரை ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் கணுக்காலில் உரசி ஒரு பக்கம் நைந்தால் தலைகீழாகத் திருப்பிக் கட்டலாம். கரை கறுப்பாக இருக்க வேண்டும், அல்லது அரக்காக இருக்க வேண்டும். கறுப்பில் இரண்டு, அரக்கில் இரண்டு என்று நான்கு ரவிக்கை தைத்துக்கொண்டால் போதும், கையில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கலாம். சரிகை வேண்டாம். பூ வேண்டாம். இந்த வருஷத்து மாதிரி என்று எதைக் காட்டினாலும் அதை அவள் ஒதுக்கி வைத்தாள், அடுத்த வருஷம் அது போன வருஷத்து மாதிரி ஆகிவிடும் என்று. கடைசியில் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு முந்தானையிலும் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள்.

"என் கடைக்கு வந்து எனக்கே பரீட்ச வெக்கிறியே" என்றார் பாய். "பாஸா பெயிலா, அத்தயாவது சொல்லிட்டுப் போ."

"பாஸ்" என்றாள் கஸ்தூரி. ஆறும் ஒரே நாளில், ஒரே துணிக்கட்டிலிருந்து வாங்கியவை.

பார்த்துப் பார்த்துத்தான் அவற்றைக் காப்பாற்றினாள். இரண்டு கரையிலும் உள்பக்கமாக அதே புடவையில் வெட்டிய பட்டையை வைத்துத் தைத்தாள். முள் கிழித்த இடத்தில் அதே நிற நூலால் இழை ஓட்டினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரையைத் திருப்பிக் கட்டினாள். துவைப்பதும் கஞ்சி போடுவதும் மட்டும் அம்மாவின் பொறுப்பு. அப்பா இறந்த பிறகு வீட்டில் அவளும் தாயார் தையலம்மாளும்தான். "நீ சம்பாதிக்கப் போற, நான் தொவைக்கிறேன், அவ்ளோதான" என்று தையலம்மாள் முதல் மாதமே பேச்சை முடித்துவிட்டாள்.

புதன்கிழமை ஊர்தான் தொலைவு. பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் இரண்டு மைல் நடந்தால் மேட்டுக் காலனி. நாற்பது குடிசை, எல்லாரும் அண்டை ஊர் நிலங்களில் கூலிவேலை செய்கிறவர்கள். அங்கே சங்கத் தலைவி கலியம்மாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகிறவள், நாற்பது வயதிருக்கும், வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். கஸ்தூரி முதல்முதலாகப் போன அன்று அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நான் குடிச்சிட்டேன் அக்கா. நீங்க சங்கத்துல சேந்துடணும்" என்றாள். கலியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஐந்து சங்கத்திலும் அதுதான் முதலாவதாக வந்தது. எடை போடாத பிள்ளை ஒன்றுகூட அங்கே கிடையாது. பெரிய ஊர்களில் கஸ்தூரியைச் 'சேவிகாம்மா' என்று மரியாதையாக உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கலியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சண்டை போடுவாள். "முருங்க நடு முருங்க நடுன்னு சொல்றியே, எங்க நடறது, குடிசை மேலயா?" என்பாள். அந்தச் சண்டைக்காகவே கஸ்தூரிக்குப் புதன்கிழமை பிடித்தது. சாயங்காலம் கால் கடுக்க வீடு திரும்பினால், வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அம்மா புழக்கடையில் வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். "களைச்சி வர, அப்படியே பின்பக்கமா போயி குளிச்சிட்டு வா" என்பாள். தூரம் நடந்து வருகிற மகளுக்காக என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டாள். அந்த வெந்நீருக்காகவும் அவளுக்குப் புதன்கிழமை பிடித்தது.

எழுபத்துநாலில் ஒரு சனிக்கிழமை, வட்டாரத்து மாதர் சங்கங்களெல்லாம் ஒன்றுகூடும் விழா வில்லியனூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஐந்து ஊர்ப் பெண்களும் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஐந்து ஊரிலிருந்தும் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்திருந்தார்கள்.

"எங்க சேவிகாம்மாவுக்கு இருக்கிறதே ஒரு நீலப் பொடவைதான்" என்றாள் திங்கட்கிழமை ஊரின் அம்சவள்ளி. "அதான் எல்லாரும் சேந்து ஒண்ணு எடுத்தோம்."

"நீலமா? செங்கக்கல்லு கலருடி" என்றாள் வியாழக்கிழமை ஊரின் விருத்தாம்பாள்.

"எனக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

"எனக்குந்தான் தெரியும். அதோ நிக்கிறா பாரு, நீலமா அது? சாம்பலு."

கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஆளுக்கு ஒரு நிறம் சொன்னார்கள். விஷயம் பிடிபட்டதும் கூட்டம் சிரித்துக் குலுங்கியது. "அஞ்சு ஊருக்கு அஞ்சு கட்டிக்கினு போயி அஞ்சு ஊரையும் உச்சுக்கொட்ட வெச்சிருக்கா பாரு, கெட்டிக்காரி" என்றாள் விருத்தாம்பாள். கஸ்தூரியும் சிரித்தாள்.

கலியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க பொடவைங்க கருக்கா இருக்குதா?" என்று கேட்டாள்.

"கருக்குன்னா கருக்கு, நேத்து எடுத்தாப்பல."

"எங்களுது பச்சைன்னு சொல்றதுக்கே கண்ண இடுக்கிக்கினு பாக்கணும். சாயம்போயி நார் நாரா கீது." சாம்பல் நிறப் புடவையின் முந்தானையை எட்டிப் பிடித்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு விட்டாள். "அப்டியா சேதி."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை நிமித்தம் காலனிக்குப் போகிறவர்கள் இருப்பதிலேயே பழைய துணியை உடுத்திக்கொண்டு போவதும், திரும்பியதும் அதை நனைத்துப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவதும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதில் தப்பு இருப்பதாக மற்ற நான்கு ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. "எல்லாரும் செய்யிறதுதானே, இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிக்கினு" என்று அம்சவள்ளி சமாதானம் செய்தாள். அந்தச் சமாதானம்தான் காரியத்தைக் கெடுத்தது. கலியம்மாள் தங்கள் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

கஸ்தூரி இலையில் போட்டதைத் தொடாமல் எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டாள். அப்படி எண்ணி அவள் கட்டியதே இல்லை. நாளுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியதுதான். ஆனால் கலியம்மாள் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து ஆறையும் கட்டிலில் விரித்தபோது, ஐந்து புடவைகளுக்கு நடுவில் பச்சை மட்டும் பத்து வயது மூத்தது போலக் கிடந்தது. ஐந்து வருடமாக அதைக் கையில் எடுத்து உடுத்தியும் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. சாயத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று தேற்றிக்கொண்டு, மறுநாள் பச்சையையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு கௌஸ் பாஷாவிடம் போனாள். சாயக்கோளாறு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைக் கொண்டுபோய்க் கலியம்மாளிடம் சொல்லிவிடலாம்.

கௌஸ் பாஷா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சையின் ஓரத்தை விரலுக்கு நடுவே வைத்துக் கசக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சாயம் நல்ல சாயந்தாம்மா. உள்பட்டையப் பிரிச்சிப் பாரு, பாசி மாதிரி பச்சையா கீது. யாரு தொவைக்கிறது?"

"அம்மா."

"நீலத்துக்குச் சவுக்காரம் போட்டிருக்காங்க. இது சலவச் சோடா. கொதிக்கிற தண்ணியில ஊறப்போட்டு எடுத்தது. ஒருதரம் ரெண்டுதரம் இல்ல, வாராவாரம்." புடவையை மடித்துக் கொடுத்தார். "இன்னா கறைம்மா அது, அப்படி வெளுத்தும் போவாத கற?"

கறை எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றுவிட்டாள். சோடா, கொதிக்கிற தண்ணீர், புதன்கிழமை. ஒரே அடுப்பில் ஏற்றிய ஒரே தவலை வெந்நீர்தான் அவளுக்கும் புடவைக்கும்.

தையலம்மாள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமா, சோடாவுலதான் போடறேன். அதுக்கு இன்னா இப்ப?"

"வெந்நீரு?"

"நீ குளிக்காம வூட்டுக்குள்ள வந்துட்டா? உங்க பெரியப்பன் வாசல்ல நின்னு இன்னா கேட்டாரு தெரியுமா, நீ வேலையில சேந்தப்ப? பொண்ண அங்கலாம் அனுப்பறியே, நாளைக்கு உன் வூட்ல எவன் கை நனைப்பான்னு கேட்டாரு. நாந்தான் சொன்னேன், அவ போயி வரட்டும், வந்தா நான் பாத்துக்கிறேன்னு. நீ வேலைக்குப் போறதே அதாலதான்."

"என்கிட்ட சொல்லலியே."

"நீ கேக்கலியே. வாரத்துல ஒரு நாளு மட்டும் இன்னாத்துக்கு வெந்நீருன்னு நீ கேட்டியா?"

கஸ்தூரிக்கு அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. தன்னை வேலைக்கு அனுப்ப அம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான். அதற்கான விலையைக் கட்டியது மட்டும் வேறு யாரோ. அன்று மாலையே அவள் புடவைகளை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் துவைத்தாள். ஆறுக்கும் ஒரே சவுக்காரம். "எல்லாத்தையும் ஒண்ணாவா" என்றாள் தையலம்மாள். "ஒண்ணாத்தான்" என்றாள் மகள்.

புதன்கிழமை எதைக் கட்டுவது என்று ஐந்து வருடத்தில் முதல்முறையாக யோசித்தாள். நீலத்தையோ செங்கல் நிறத்தையோ கட்டிக்கொண்டு போனால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது முகத்தை மாற்றிக்கொண்டு போவது போலத்தான். சாயம்போன பச்சையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

காலனியில் ஒரு படலும் திறந்திருக்கவில்லை. பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லாரும் களையெடுப்பில் இருப்பது தெரிந்து வயலுக்குப் போனாள். கலியம்மாள் முழங்காலளவு சேற்றில் நின்றாள். விழாவுக்குக் கொண்டுவந்த பொட்டலத்தில் இருந்த புடவை அவள் இடுப்பில் இருந்தது, ரோஜாப் பூப்போட்ட நைலக்ஸ், ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு.

"இத்த நீ வாங்காததே நல்லது" என்றாள் கலியம்மாள், நிமிராமல். "வழுக்கினு வழுக்கினு போவுது சனியன். இன்னா வேணும் உனக்கு?"

சாயத்தின் மேல் பழியைப் போட இன்னும் நேரம் இருந்தது. வரப்பில் நின்றபடி கஸ்தூரி நடந்ததைச் சொன்னாள். சோடா, தவலை, வெந்நீர், பெரியப்பா கேட்ட கேள்வி, அம்மா சொன்ன பதில். களையெடுத்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா. அஞ்சு வருசமா மேலுக்கு ஊத்திக்கினியே, சூடு தெரியலியா?"

கலியம்மாள் பிடுங்கிய களையை வரப்பில் வீசினாள்.

"கை கழுவு கை கழுவுன்னு எங்களுக்குப் பாடம் சொல்ற. உன் பொடவைய நீ தொவைக்க மாட்டியா?"

"இப்ப நாந்தான் தொவைக்கிறேன்."

"அத்த இங்க வந்து சொல்லு. உங்க வூட்டுத் தண்ணி உங்க வூட்ல கொதிக்குது, எனக்கு இன்னா தெரியும்?" கலியம்மாள் குனிந்து மறுபடி களையைப் பிடுங்கத் தொடங்கினாள். "போம்மா. வெயிலு ஏறுது."

அன்று மாலை கஸ்தூரி தெருவாசல் வழியாகவே வீட்டுக்குள் போனாள். புழக்கடையில் தவலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். தையலம்மாள் சோற்றுப் பானையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்று வாரம் தாயும் மகளும் ஒரு பானையில் சாப்பிடவில்லை. நான்காவது வாரம் அடுப்பில் தவலை இல்லை.

காலனியில் அடுத்த நான்கு புதனும் வேப்பமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரம் இரண்டு பிள்ளைகள் தராசில் தொங்கி விளையாடிவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடியே எடை போட்டுக்கொண்டாள். 'பயனாளிகள்: ஒன்று' என்று கஸ்தூரி அறிக்கையில் எழுதினாள். அலுவலகத்தில் வேறு ஊர் மாற்றிக் கேட்கலாம், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அவள் கேட்கவில்லை.

ஐந்தாவது புதன் கலியம்மாள் வந்தாள். உட்காரவில்லை. கஸ்தூரியின் எதிரில் நின்று, பச்சை முந்தானையை எடுத்து மூக்கருகே வைத்தாள். விரலால் கசக்கிப் பார்த்தாள். ஓரத்தைத் திருப்பி உள்பட்டையின் நிறத்தையும் வெளி நிறத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"சவுக்காரமா?"

"சவுக்காரம்தான்."

"கஞ்சி பத்தல."

"எனக்கு இன்னும் பதம் வரலக்கா."

"அதான் தெரியுதே."

கஸ்தூரி தயங்கினாள். "அடுத்த வாரத்துலேருந்து மாத்தி மாத்திக் கட்டலாம்னு இருக்கேன். எந்த ஊருக்கும் இதுதான்னு இல்லாம."

"ஒண்ணும் மாத்த வேணாம்" என்றாள் கலியம்மாள். "எனக்கு இதேதான் வேணும். வாராவாரம் இதையே கட்டிக்கினு வா. இதுக்கு மேல வெளுக்குதா இல்லியான்னு நான் பாக்கணும்." பிறகு திரும்பிக் குடிசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், புள்ளைங்கள எடுத்துக்கினு வாங்கடி. மரத்துல சும்மா தொங்குது பாரு தராசு."